சூப்பர்சார்ஜரில் கொரகொர சத்தமா? முதலில் பெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2010 மாடல் ஹோண்டா சிவிக் 1.8 இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு வெளியில் கிட் வாங்கி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சென்ட்ரிஃப்யூகல் (விசிறி வகை) சூப்பர்சார்ஜர் போட்டேன். அதற்குத் தனி ஆயில். பெல்ட் மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நீள பெல்ட். போன மழையில் வேளச்சேரியில் தேங்கிய தண்ணீரில் வண்டியை ஓட்ட வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொரகொரவென்று சத்தம். பத்து நிமிடத்தில் குறைந்துவிடுகிறது. 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் 'உஸ்' என்று ஒரு சீறலும் கேட்கிறது. சூப்பர்சார்ஜரை இறக்கிப் பிரித்து பேரிங் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? – மேடவாக்கம் வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் சார். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு சத்தம், காரணமும் வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சூப்பர்சார்ஜரைப் பிரிப்பது கடைசி வேலை. உள்ளே கியரும் பேரிங்கும் மிக நுணுக்கமான அளவில் பொருத்தப்பட்டவை; அந்த யூனிட்டில் பழக்கமில்லாத கை ஒருமுறை திறந்தால் இல்லாத கோளாறும் வந்து சேரும்.

முதலில் எது கோளாறு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். கிராங்க் புல்லி சூப்பர்சார்ஜர் புல்லியைப் போல இரண்டு மடங்கு பெரியது, உள்ளே இருக்கும் கியர் வேகத்தை 3.6 மடங்கு ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது உள்ளே இருக்கும் விசிறி 43,200 ஆர்பிஎம்மில் சுற்றும். அந்த வேகத்தில் ஊளைச் சத்தம் வராமல் இருக்காது. ஆர்பிஎம் ஏற ஏறச் சுருதியும் சீராக ஏறி, காலை எடுத்தால் சீராக இறங்கினால் அது இயல்பான சத்தம். நடுவில் கரகரத்தாலோ, இன்ஜினோடு ஒட்டாமல் தனியாக ஏறி இறங்கினாலோதான் கவலைப்பட வேண்டும்.

இனி உங்கள் கொரகொர. மழைநீரில் ஓட்டிய பிறகு வந்தது, குளிர்ந்த இன்ஜினில் அதிகம், சூடானால் குறைகிறது. என் முதல் சந்தேகம் பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி, அடுத்தது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். நன்றாகச் சூடேறிய பேரிங் திடீரென்று தண்ணீரில் நனைந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது ரப்பர் சீலின் ஓரம் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸ் கெடும், குண்டுகள் ஓடும் தடத்தில் துரு ஏறும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் இப்படி நான்கைந்து வண்டியாவது எங்கள் ஷெட்டுக்கு வந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும் காலை நேரத்தில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். உங்கள் காரில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. சத்தம் அப்படியே இருந்தால் சூப்பர்சார்ஜரை மறந்துவிட்டு இன்ஜின் பக்கம் தேட வேண்டும். சத்தம் போய்விட்டால் கோளாறு பெல்ட் சுற்றும் பொருள்களில்தான்.

அப்புறம் இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றுங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. நல்ல பேரிங் கொண்ட ஐட்லர் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றி, கிரீஸின் பிடிப்பில் சீக்கிரமே நின்றுவிடும். கெட்டது மணலை அரைப்பது போல விரல் நுனியில் நறநறக்கும். கிரீஸ் போன பேரிங் சைக்கிள் சக்கரம் மாதிரி நிற்காமல் சுற்றும். அதைப் பார்த்து நல்ல பேரிங் என்று ஏமாந்துவிடாதீர்கள். சூப்பர்சார்ஜர் புல்லி கொஞ்சம் கனமாகத்தான் சுற்றும், பின்னால் கியர் இருக்கிறது. சுற்றும் திசையில் இம்மி அளவு ஆட்டம் இருந்தால் பரவாயில்லை. புல்லியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆடக் கூடாது, முன்னும் பின்னும் இழுத்தாலும் ஆடக் கூடாது. ஆடினால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.

நீளமான ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு காரில் சூப்பர்சார்ஜரின் உடம்பில் வைத்தால் சத்தம் காதைக் கிழித்தது. யூனிட் போய்விட்டது என்றே நானும் முடிவு கட்டினேன். பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் தேய்ந்திருந்தது பக்கத்து ஐட்லர். இரண்டும் ஒரே அலுமினிய பிராக்கெட்டில் இருந்ததால் உலோகம் சத்தத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அன்றிலிருந்து பெல்ட்டைக் கழற்றாமல் நான் தீர்ப்பு சொல்வதில்லை.

உங்கள் காரில் சூப்பர்சார்ஜரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) வைத்துப் பாருங்கள். கம்பெனி இன்ஜின் இந்தக் கூடுதல் எடைக்காக வடிவமைத்தது இல்லை. ஒரு போல்ட் தளர்ந்தாலும் புல்லி கோணல் ஆகும், பெல்ட் 'கீச் கீச்' என்று விட்டு விட்டுக் கத்தும். ஐட்லிங்கில் பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம்: கீச்சல் நின்று சிறிது நேரத்தில் திரும்பி வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை, அதிகமானால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. இப்போது வரும் பெல்ட்டுகள் வெடிப்பு விடாமலே தேய்ந்துபோகும், அதனால் வெடிப்பு இல்லை என்று விட்டுவிடாமல் பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள்.

சூப்பர்சார்ஜர் ஆயிலையும் மாற்றிவிடுங்கள், தண்ணீரில் ஓட்டியிருக்கிறீர்கள். வடிக்கும்போது ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். ஆயில் வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டினால் பயமில்லை. ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் மின்னும் சில்லுகள் தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள், யூனிட் இறங்கியே ஆக வேண்டும். திரும்ப ஊற்றும்போது கையேட்டில் சொன்ன ஆயிலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். சில யூனிட்களில் கியருக்குப் பதில் வழுவழுப்பான உருளைகள் ஆயிலின் பிடிப்பிலேயே சுற்றும்; அதில் இன்ஜின் ஆயிலை ஊற்றினால் கதை முடிந்தது.

4,000-க்கு மேல் வரும் சீறல் பெரும்பாலும் காற்றுக் கசிவு. பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம்) மீட்டர் முன்பு காட்டியதைவிடக் குறைவாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். சிலிக்கான் ஹோஸ் கிளாம்ப்புகளை இறுக்கிவிட்டு காலை எடுத்ததும் மிச்சக் காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வுக்குப் போகும் மெல்லிய வேக்யூம் குழாயை வளைத்துப் பாருங்கள். நம் ஊர் வெயிலிலும் பானெட் சூட்டிலும் அது முறுக்கு மாதிரி விறைத்து, வளைவில் கீறிக்கொள்ளும். காலை எடுத்ததும் படபடவென்று இரைந்தால் அந்த வால்வு திறக்கவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் எழுதாத ஒரு சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லோடில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது, தாளிக்கும் கடுகு வெடிப்பது போலச் சன்னமாக ஒன்று கேட்டால் உடனே காலை எடுத்துவிடுங்கள். அது நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது. பலர் அதைச் சூப்பர்சார்ஜர் சத்தம் என்று நினைத்து ஓட்டி பிஸ்டனை உடைத்துக்கொள்கிறார்கள். உங்கள் இன்ஜினின் கம்ப்ரெஷன் 10.5:1, அதற்கு மேல் பூஸ்ட், அதற்கும் மேல் சித்திரை வெயில். டியூனிங் எந்த ஆக்டேனுக்குச் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) செய்ததோ அதற்குக் குறைந்த பெட்ரோல் போடவே கூடாது.

முழு லோடில் சோதிக்க ஓஎம்ஆர் சாலை இடமில்லை. வண்டியை நின்ற இடத்திலேயே உருளைகள் மேல் ஓட்டிச் சோதிக்கும் டைனோவில் ஏற்றுங்கள், அல்லது இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நாள் கிடைத்தால் அங்கே. வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவையும் இன்சூரன்ஸையும் பற்றி உங்கள் ஏஜென்ட்டிடம் பேசியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே பேசுங்கள்.

ஐட்லர்தான் என்று தெரிந்தால் புதுப்பேட்டையில் புல்லியோடு சேர்த்துப் புதிதாக வாங்குங்கள், அல்லது புல்லி நன்றாக இருந்தால் பேரிங்கின் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் காட்டி, இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். தகர மூடி போட்டது மலிவாகக் கிடைக்கும்; அடுத்த மழை வரை தாங்காது.