குழித்துறையா, குளித்துறையா?

தக்கலையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்திலேயே தட்டுகிறாள். தமிழ்த் தேர்வில் ல, ள, ழ எல்லாம் குழம்புகிறது. 'எழுத்துப்பிழை நீக்கும் பயிற்சி'க்கு மூன்று மாதத்துக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?"

சேர்க்காதீர்கள் அம்மா. இப்படி ஒரு பயிற்சியின் ஏட்டை வாங்கிப் பார்த்தேன். பள்ளிப் பாடநூலின் இலக்கணப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டிருந்தார்கள். 'இனிப் பிழையே வராது' என்று உறுதி சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சொல்லைச் சுருக்கி அடிப்பதால் மொழி கெடாது. முழுச்சொல் தெரிந்தவர்தான் சுருக்க முடியும் என்று மொழியியலாளர் டேவிட் கிறிஸ்டல் 2008-லேயே ஆங்கிலத்தை வைத்து விளக்கிவிட்டார். நம் சிக்கல் வேறு. ல, ள இரண்டுக்கும் ஒரே 'எல்'. ழ-வுக்கும் பலர் அதையே போடுகிறார்கள். குழித்துறை என்று மகளை ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொல்லுங்கள். அது ஊரா, குளிக்கிற துறையா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த எழுத்து என்று முடிவெடுக்கும் வேலை அவள் விரலுக்கு வருவதே இல்லை. அதுதான் தேர்வுத்தாளில் தெரிகிறது.

பழைய குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து என்றால் 160 இடம், தமிழ் என்றால் 70தான். காசை மிச்சம் பிடிக்க வந்த பழக்கம் இது. வாட்ஸ்அப்பில் அந்தக் கணக்கே கிடையாது.

ஃபோனில் தமிழ் விசைப்பலகையைச் சேருங்கள். ஆங்கிலத்தில் தட்டினால் தமிழாக்கித் தரும் வகை வேண்டாம். அது முதலில் காட்டும் சொல்லைப் பிள்ளைகள் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ல, ள, ழ தனித்தனிப் பொத்தானாக இருக்க வேண்டும். தமிழக அரசு 1999-ல் ஏற்ற தமிழ்99 அப்படிப்பட்டது, இலவசம். முதலில் கை தடுமாறும், பொறுங்கள்.

ஒன்றை மட்டும் ஃபோன் தலையில் கட்டாதீர்கள். 'பறஞ்சான்' என்று கட்டுரையில் எழுதினால் அது இந்த மண்ணின் பேச்சு. 1956 நவம்பர் 1 வரை நம் குமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. விளவங்கோட்டுப் பக்கம் இன்றும் பல வீடுகளில் மலையாளம் கலந்துதான் பேச்சு. கட்டுரையில் 'சொன்னான்' என்று எழுதட்டும், வீட்டில் 'பறஞ்சான்' இருக்கட்டும். அந்தப் பக்கத்துப் பாட்டிகள் மழை, பழம் என்று ழ-வைச் சுத்தமாகச் சொல்வார்கள். சொந்தத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் பேசுவதைக் கேட்டு மகள் தமிழில் அடிக்கட்டும். 6,000 ரூபாய்ப் பயிற்சியில் இது கிடைக்காது.

அப்புறம், தமிழைக் கட்டாயப் பாடமாக்கி 2006-ல் சட்டம் வந்தாயிற்று. ஆனால் 'நாளை விடுமுறை' என்பதைக்கூடப் பள்ளிகளே பெற்றோர் குழுவில் ஆங்கில எழுத்தில் போடுகின்றன. பிள்ளையை மட்டும் திட்டி என்ன பயன்? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, அறிவிப்பைத் தமிழில் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.