ஜூஸர் இல்லாமல் மிக்ஸியிலேயே காலைச் சாறு

ஜூஸர் வாங்காமல் காலையில் பழமும் காய்கறியும் சேர்த்துச் சாறு போட முடியுமா, எதை எதோடு சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், மிக்ஸி போதும். என்னைக் கேட்டால் மிக்ஸிதான் நல்லது. ஜூஸர் சக்கையைத் தனியே தள்ளிவிடும், நார்ச்சத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

நான் வழக்கமாகப் போடுவது இதுதான். இரண்டு பேருக்கு நடுத்தர அளவில் கேரட் இரண்டு, வெள்ளரிக்காய் ஒன்று, ஆப்பிள் ஒன்று, சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி, அரை மூடி எலுமிச்சை. காய் கூடுதலாகவும் பழம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதம். ஒரு ஆப்பிளின் இனிப்பே இரண்டு டம்ளருக்குத் தாங்கும், சர்க்கரை வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்தால் கேரட் திப்பிதிப்பியாக நிற்கும். வெள்ளரியைப் பொடியாக நறுக்கி முதலில் பிளேடு பக்கம் போடுங்கள், அதன் மேல் கேரட், இஞ்சி. வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர்தான். அது நசுங்கி விடும் நீரிலேயே கேரட் அரைபட ஆரம்பித்துவிடும். விட்டு விட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகும். விழுது மைய அரைபட்டதும் ஆப்பிளைப் போட்டு, உடனே எலுமிச்சையைப் பிழிந்து, அரை டம்ளர் குளிர்ந்த நீர் விட்டு இன்னொரு சுற்று. நறுக்கிய ஆப்பிள் காற்றுப் பட்டதும் பழுப்பேறும், எலுமிச்சையின் புளிப்பு அதைத் தடுத்து நிறத்தைக் காப்பாற்றும். ஆப்பிள் விதையை எடுத்துவிட மறக்காதீர்கள், அரைபட்டால் அதிலிருந்து சயனைடு வெளிப்படும்.

வெள்ளரியை நறுக்கியதும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் தூக்கிப் போடுங்கள், மற்றவற்றோடு சேர்த்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய் விடும். சமைக்காமல் குடிக்கிறோம் என்பதால் தோல் சீவுகிற காயையும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டே கத்தி வைக்க வேண்டும்.

வடிகட்டாமல் குடிக்கப் பழகுங்கள். முதலில் தொண்டையில் திரிதிரியாக இருப்பது போலத் தோன்றினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது, அதனால் கூடவே நாலு பாதாம் சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும்.

மாறுதலுக்குச் சிறு துண்டு பீட்ரூட் சேர்க்கலாம். சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட்டையும் பசலையையும் தினமும் பச்சையாகக் குடிக்கக் கூடாது, கல் உருவாகக் காரணமாகும் ஆக்ஸலேட் என்ற பொருள் இரண்டிலும் அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆப்பிளைச் சாறாக்காமல் கடித்துச் சாப்பிடுவதே மேல். சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து எடுப்பவர்கள் எந்தச் சாறாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், காய்கறியில் உள்ள பொட்டாசியம் அவர்களுக்கு ஏறிவிடலாம்.

இரவே அரைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்றால், வேண்டாம். நேரமில்லை என்றால் இரவில் கேரட்டை மட்டும் கழுவி, தோல் சீவி, மூடிய டப்பாவில் வைத்துவிடுங்கள். காலையில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.