சேலத்தில் பெண் பிள்ளைகளுக்கான லாக்ரோஸ் கிளப்பை எப்படித் தேடுவது, சேர்க்கும் முன் எதைப் பார்ப்பது?

ஏழாவது, எட்டாவது படிக்கிற மகளுக்காகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். லாக்ரோஸ் என்பது நுனியில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து, எறிந்து, கோல் போடும் ஆட்டம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லாக்ரோஸ் உண்டு என்று 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி முடிவெடுத்தது. கிரிக்கெட்டைச் சேர்த்ததும் அதே கூட்டம்தான். அங்கே ஆடப்போவது அணிக்கு ஆறு பேர் ஆடும் சிக்ஸஸ்.

தேடலை இணையத்தில் தொடங்காதீர்கள். காந்தி ஸ்டேடியத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரை நேரில் பாருங்கள். அடுத்து மகளின் பி.டி. டீச்சர். குறுவட்டம், மாவட்டம் என்று போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு, எந்த கிரவுண்டில் யார் புது ஆட்டம் பழக்குகிறார்கள் என்பது காதுக்கு வந்துவிடும். ஹாக்கி, ஹேண்ட்பால் கோச்சுகளையும் விசாரியுங்கள்.

இடம் கிடைத்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். ஒரு பயிற்சியை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள். இருபது பிள்ளைகளுக்கு நான்கு ஸ்டிக் என்றால் உங்கள் மகள் பாதி நேரம் வரிசையில்தான் நிற்பாள். இது கைப்பழக்க ஆட்டம். ஓடிக்கொண்டே பந்தை வலைக்குள் வாங்க வேண்டும், கீழே விழாமல் தொட்டிலாட்டிக்கொண்டே போக வேண்டும். ஆளுக்கொரு ஸ்டிக் இல்லாத இடத்தில் அது வராது.

ஸ்டிக்கை வாங்கிப் பாருங்கள். பெண்கள் ஸ்டிக் சுமார் 90 முதல் 110 செ.மீ. நீளம். வலைக்குள் பந்தை வைத்து, கையால் ஒரு அழுத்து அழுத்தி விட்டுவிட்டு, தலைப்பகுதியைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். பிளாஸ்டிக் விளிம்புக்கு மேலே பந்தின் முதுகு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வலை தொங்கிவிட்டது, அல்லது அது ஆண்கள் ஸ்டிக். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஆழமான வலையில் பந்து சுலபமாகத் தங்கும், பிள்ளையும் சந்தோஷப்படுவாள். ஆனால் பெண்கள் ஆட்டத்தில் நடுவர் அந்த ஸ்டிக்கை வெளியே எடுத்துவைத்துவிடுவார். கோல்கீப்பருக்கு மட்டும் இந்த விதி இல்லை.

பந்து கெட்டி ரப்பர், 145 கிராம் அளவில் இருக்கும். பழசானால் மேல்தோல் வழவழப்பாகி வலையிலிருந்து வழுக்கும். அந்த நிலையில் கழித்துவிட வேண்டும். லாக்ரோஸ் பந்து கண்ணில் வந்து அடித்தால் சாதாரண அடி இல்லை. கம்பிக் கண்கவசமும் பல்கவசமும் இல்லாமல் பந்து எறியச் சொல்கிற கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள். பல்கவசத்தை வெந்நீரில் போட்டு எடுத்துக் கடித்துப் படியவைக்கலாம். பல்லுக்குக் கிளிப் போட்டிருந்தால் பல் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் இடிப்பது தவறு, தலையைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குள் ஸ்டிக் வருவதும் தவறு. கோச் அதைப் பார்த்ததும் விசில் ஊதுகிறாரா என்று கவனியுங்கள். கூடவே ஒரு பெண் பயிற்சியாளர், உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிவறை. இந்த இரண்டையும் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சான்றிதழ் விஷயத்தில் என்னைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும். அரசு வேலையில் 3% விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, இன்ஜினியரிங் கவுன்சலிங்கிலும் இடம் இருக்கிறது. உண்மைதான். ஆனால் எந்த விளையாட்டு, எந்த நிலைப் போட்டி செல்லும் என்பதற்குப் பட்டியல் உண்டு. கிளப்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் அந்த வருடப் பட்டியலை மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். சங்கப் பதிவு எண்ணையும் கேளுங்கள். இரண்டு நாள் போட்டி, கையோடு தேசியச் சான்றிதழ் என்று பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லோரையும் சொல்லவில்லை. வெயிலில் நின்று ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இவர்கள் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

ஒன்பதாவது வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குக்குத் தூக்கிக்கொடுக்கிற வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கேள்விக்கு வெளியேதான், ஆனாலும் பெற்றோர் கூட்டத்தில் இதை எதிர்த்துப் பேச ஒருவராவது எழ வேண்டாமா? கிளப்புக்கு ஆள் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளப்பே அமையவில்லையா? எட்டுப் பெண்களும் ஒரு பி.டி. டீச்சரும் போதும். சிக்ஸஸ் மைதானம் 70-க்கு 36 மீட்டர்தான், நடுத்தரமான பள்ளி மைதானத்திலேயே அடங்கும். ஆறடிக்கு ஆறடி கோல், வெல்டிங் பட்டறையில் ஜி.ஐ. பைப்பில் அடித்துத் தருவார்கள். கோலில் நிற்பவளுக்கு ஹெல்மெட், தொண்டைக் கவசம், மார்புக் கவசம் வரும்வரை கோலைக் காலியாக வைத்தே பழகுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டியதில்லை. வாரக் கடைசியில் அணியோடு ஆடினால் போதும். மற்ற நாளில் மூன்று மீட்டர் தள்ளி நின்று சுவரில் எறிந்து பிடிக்கட்டும், வலக்கை 50, இடக்கை 50. ஜன்னல் பக்கம் என்றால் டென்னிஸ் பந்து. அது லேசானது, வலையிலிருந்து துள்ளி ஓடும். அதைத் தங்கவைக்கப் பழகினால் கை தானாக மென்மையாகும். பனிமூட்டத்தில் வெள்ளைப் பந்து தெரியாது, மஞ்சள் வாங்குங்கள். மழையில் நனைந்த வலை இளகும். நிழலில் உலர்த்தி, கயிற்றை இழுத்துக் கட்டி, மேலே சொன்ன விளிம்புச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.