வியட்நாமின் சாம் மக்கள் தமிழர் வழிவந்தவர்களா?

இல்லை. சாம் மொழி மலாய், ஆச்சே மொழிகளுக்கு உறவான ஆஸ்திரனேசிய மொழி. நாட்ராங் அருகே கிடைத்த பழைய சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்றில் 'ஸ்ரீமார' என்ற அரசன் பெயர் வருகிறது. அதைப் பாண்டியரின் 'மாறன்' பட்டத்தோடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. பெயரொலி ஒன்றை வைத்துக்கொண்டு ஓர் இனத்தையே நம் வீட்டுப் பிள்ளையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. (சாம் மக்களின் பழைய அரசின் பெயர் சம்பா என்பதால் நம் சம்பா நெல்லையும் இதில் இழுக்கிறார்கள். வேண்டாம்.) எழுத்து மட்டும் தென்னிந்தியப் பிராமி மரபிலிருந்து போனது, உண்மை. ஆனால் 4ஆம் நூற்றாண்டிலேயே அந்த எழுத்தில் தங்கள் தாய்மொழியைக் கல்லில் வெட்டிவிட்டார்கள்.

சம்பாவின் விஜயா நகரம் 1471இல் வியட்நாமியரிடம் வீழ்ந்தது. தெற்கே எஞ்சிய பாண்டுரங்கா 1832 வரை தாக்குப்பிடித்தது. அந்தப் பாண்டுரங்காதான் இன்றைய பான் ராங். நான் போனது அங்கேதான்.

ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் குன்றின் மேல் போ குலோங் கராய் கோயில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த செங்கல் கோபுரங்கள். வாசல் மேலே ஆறு கைகளோடு ஆடும் சிவன், உள்ளே கருவறையைப் பார்த்தபடி நந்தி. 'நம்ம ஊர்தான்' என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். லிங்கத்தில் ஒரு முகம். அது அரசன் போ குலோங் கராயின் முகம் என்றார் வழிகாட்டி. ஊருக்கு அணையும் வாய்க்காலும் கொடுத்ததாகச் சொல்லப்படுகிற அரசனே அங்கே சாமி.

கத்தே என்ற ஆண்டு விழாவில் அந்த முகலிங்கத்தை நீராட்டி உடை உடுத்துகிறார்கள். உடை இருப்பது சாம் மக்களிடம் அல்ல, மலையில் வாழும் ராக்லாய் மக்களிடம். சாம் சமூகத்தில் தாய்வழிச் சொத்து கடைசி மகளுக்குப் போகும். 'சாம் மூத்தவள், ராக்லாய் இளையவள்' என்பது அவர்கள் வழக்கு. ஆகவே அரசனின் உடைமைகள் இளையவள் வீட்டில் இருக்கின்றன. அவர்கள் சுமந்து வந்து கொடுத்தால்தான் விழா நடக்கும்.

இதே சாம் மக்களில் ஒரு பகுதியினர் இஸ்லாத்தைத் தம் போக்கில் ஏற்றவர்கள். இவர்கள் அவல், சிவ வழிபாட்டினர் அஹியேர். ரபியுல் அவ்வல், ரபியுல் ஆகிர் என்ற இஸ்லாமிய மாதப் பெயர்களில் நாம் கேட்டுப் பழகிய அதே அரபுச் சொற்கள்தாம்: அவ்வல் முதல், ஆகிர் கடைசி. ரமவான் (நம் ரமலான்) மாதத்தில் அவல் குருமார்கள் பள்ளிவாசலில் தங்கி ஊருக்காக நோன்பிருப்பார்கள். அவல் மக்கள் பன்றி தொடுவதில்லை, அஹியேர் மக்கள் மாடு தொடுவதில்லை.

அருகில் பாவ் சுக் என்ற குயவர் கிராமம். வனைபவர்கள் பெண்கள்தாம், சக்கரம் கிடையாது. கவிழ்த்த ஜாடி மேல் களிமண்ணை வைத்துவிட்டு, பானையைச் சுற்றி அவர்களே பின்பக்கமாக நடக்கிறார்கள். நான் பார்த்த பாட்டி ஈரத்துணியை விரலில் சுற்றி விளிம்பை வழித்தபடியே நடந்தார். நமக்குத்தான் தலைசுற்றல். சூளையும் இல்லை, வெட்டவெளியில் விறகும் வைக்கோலும் போட்டுச் சுடுகிறார்கள். 2022இல் யுனெஸ்கோ இந்தக் கலையை அவசரமாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

போவதானால் கத்தேயை ஒட்டிப் போங்கள். சாம் நாட்காட்டியின் 7ஆம் மாத முதல் நாள், பெரும்பாலும் அக்டோபரில் வரும். அறையை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.