கட்டர் படகில் திடீர்க் காற்று வந்தால் எல்லாப் பாயையும் இறக்கிவிட்டு இன்ஜினைப் போட்டுவிடலாமா?

லங்காவியில் பழைய கட்டர் வாங்கியிருக்கிறீர்கள், மனைவியோடு போர்ட் கிள்ளான் வரை ஓட்டிப் போகப் போகிறீர்கள். வழியில் திடீர்க் காற்று வந்தால் பாய்களை இறக்கிவிட்டு இன்ஜினில் போகலாமா என்பது கேள்வி. வேண்டாம். குறிப்பாக ஸ்டேசெயில் என்ற சின்ன உள்பாயை இறக்கவே இறக்காதீர்கள்.

கட்டரில் ஒரே பாய்மரம், அதற்குப் பின்னால் மெயின் என்ற பெரிய பாய், முன்னால் இரண்டு பாய். வெளியே ஜிப், உள்ளே சின்ன ஸ்டேசெயில். ஜிப்பை முழுக்கச் சுருட்டிவிட்டால் மீதிப் பாயெல்லாம் மரத்தை ஒட்டித் தாழ்வாக நிற்கும். படகு சாய்வது குறையும், சுக்கானும் கைக்கு அடங்கும்.

நீங்கள் போகும் மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ என்ற திடீர்ப் புயல்காற்று உண்டு. பெரும்பாலும் விடியலுக்கு முன்னால் வரும், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம். பங்கோர் தீவுக்குத் தெற்கே எங்களைப் பிடித்தது அதுதான். படகு ஓய்வுபெற்ற ஒரு டச்சுக்காரருடையது, நான் கூடப்போன ஆள். மேற்கே மின்னல் வெட்டிக்கொண்டே இருந்தது. அப்புறம் அடிவானத்திலிருந்து மேல்நோக்கி நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கன்னத்தில் சில்லென்று காற்று பட்டதும் அவர் “ஜிப்” என்றார், அவ்வளவுதான்.

ஜிப் கயிற்றை மொத்தமாக விட்டுவிடாமல், வின்ச்சில் (கயிறு இழுக்கும் உருளையில்) இரண்டு சுற்று வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே சுருட்டினேன். அந்த இழுவை இருந்தால்தான் சுருள் இறுகும். தளர்வாகச் சுருட்டினால் நடுக்காற்றில் பிரிந்து, படபடத்துக் கிழியும். அதற்குள் அவர் காற்றுப்பக்கத்து ரன்னிங் பேக்ஸ்டேயை, அதாவது மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, இறுக்கிவிட்டார். ஸ்டேசெயிலின் கம்பி மரத்தை இடையில் பிடித்து முன்னால் இழுக்கும், பின்னாலிருந்து தாங்க இது கட்டாயம். மெயினை மூன்றாவது ரீஃபுக்கு (பாயை மடித்துச் சிறிதாக்கும் மூன்றாவது படிக்கு) இறக்கினோம். ஸ்டேசெயிலைக் காற்றடிக்கும் பக்கமே இழுத்துக் கட்டி, படகு காற்றை நோக்கித் திரும்பும்படி சுக்கானையும் கட்டினோம். பாய் படகின் முன்முனையை ஒரு பக்கம் தள்ள, சுக்கான் மறுபக்கம் திருப்ப, படகு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. மழை கொட்டித் தீர்க்கும்வரை கேபின் வாசலில் உட்கார்ந்து கப்பல் விளக்கு வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

ஆனால் அப்படி நிற்கும் படகு காற்றோடு மெல்லத் தள்ளப்படும். சுமத்ரா மேற்கிலிருந்து வருவதால் தள்ளுவது மலேசியக் கரையை நோக்கி. அதனால் இரவில் கரையிலிருந்து பத்துக் கடல் மைலாவது விலகிப் போங்கள்.

இன்ஜின் தயாராக இருக்கட்டும், அதை மட்டும் நம்பாதீர்கள். குலுக்கலில் டீசல் தொட்டியின் கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும். அறுந்த வலைகளும் அந்தக் கடலில் நிறைய, புரொப்பெல்லரில் சுற்றினால் தீர்ந்தது.

எல்லாப் படகும் இப்படி நிற்காது என்று யாராவது எழுதுவார்கள். சரிதான், நீளக் கீல் (அடியில் நீளமாக ஓடும் முதுகு) உள்ள பழைய படகு நிற்கிற மாதிரி, கீல் மீன்துடுப்புபோல் குட்டையாக இருக்கும் புதிய ஃபின் கீல் படகு நிற்காது. நான் சொல்வது கேட்டவரின் பழைய கட்டருக்கு. லேசான காற்றில் முதலில் பழகிப் பாருங்கள், உங்கள் மனைவிக்கும் இது தனியாகச் செய்ய வரவேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டில் தொடைப்பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் தலைக்கு மேல் ஏறிவிடும். போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஒரு ஏரிப் படகுத்துறையில் தொடைப்பட்டையும் இல்லாமல், பக்கிளும் உடைந்த ஜாக்கெட்டைக் குழந்தைகளுக்கு மாட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, “ஏரிதானே சார்” என்று பதில். பெற்றோர் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.