பழைய டியூபாவைக் கொடுத்து யூஃபோனியம் எடுக்கலாமா?

கேள்வி: 1957இல் பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது அப்பா வாங்கிய டியூபா (கீழ்ச்சுரம் ஊதும் பெரிய பித்தளை வாத்தியம்) என்னிடம் இருக்கிறது. தேவாலய பாண்டில் இன்றும் அதைத்தான் ஊதுகிறேன். கீபோர்டுடன் சேர வேண்டுமென்றால் டியூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க இழுக்கும் குழாயை) முழுக்க இழுக்க வேண்டும். திருச்சொரூப பவனியில் தூக்கி நடக்க இடுப்பு இடம்தருவதில்லை. கொழும்புக் கடையொன்று இதை எடுத்துக்கொண்டு, இதைவிடச் சிறிய பித்தளை வாத்தியமான யூஃபோனியம் தருவதாகவும், மீதியை 24 மாதத் தவணையில் கட்டலாம் என்றும் சொல்கிறது. இவ்வளவு பழைய பொருளுக்கு நல்ல விலை வர வேண்டாமா? (வாசகர், உப்புவெளி)

பதில்: மாற்றுங்கள். ஆனால் அந்தக் கடை போட்டுக் கொடுக்கும் கணக்கில் வேண்டாம்.

பித்தளை வாத்தியங்களுக்கு வயதால் விலை ஏறுவது அபூர்வம். வயலின் கதை வேறு. உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கலாம். 1960களின் நடுப்பகுதி வரை பிரித்தானிய பிராஸ் பாண்டுகள் ஏ சுரத்தைச் சுமார் 452 ஹெர்ட்ஸில் வைத்து ஊதின; இன்று அது 440. ஸ்லைடை முழுக்க இழுத்தும் மட்டுமட்டாகத்தான் சேருகிறது என்றால் உங்களுடையதும் அந்த ‘ஹை பிட்ச்’ (உயர் சுருதி) வகையாக இருக்கக்கூடும். கைபேசி டியூனரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்படித்தான் என்றால், நீளமான ஸ்லைடு செய்து போடலாம். விற்பதற்காக நீங்கள் அந்தச் செலவைச் செய்யாதீர்கள், விலையில் பேசிக்கொள்ளலாம்.

இணையத்தில் வெளிநாட்டு விலைகளைப் பார்த்து ஆசைப்படவும் வேண்டாம். அங்கே அனுப்பினால், கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. 110, 60, 50 சென்ரிமீற்றர் அளவுள்ள பெட்டி என்றால், அந்த மூன்றையும் பெருக்கி, வழக்கம்போல் 5000ஆல் வகுத்தால் 66 கிலோ. உள்ளே இருப்பது 15 கிலோவானாலும் கட்டணம் 66க்குத்தான்.

கடையிடம் இரண்டு விலை கேளுங்கள்: டியூபா கொடுத்தால் எவ்வளவு, கொடுக்காமல் முழுக் காசும் கையில் தந்தால் எவ்வளவு. அந்த வித்தியாசம்தான் உங்கள் டியூபாவுக்கு அவர்கள் உண்மையில் தரும் விலை. விலைப்பட்டியலைக் கூட்டிவைத்துவிட்டு ‘பழையதுக்கு இவ்வளவு’ என்று தாராளம் காட்டுவது பழைய வித்தை. தவணையையும் கவனியுங்கள். ஒரு லட்சம் ரூபாவுக்கு ‘பிளாட்’ (கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி) 15 வீதம், இரண்டு வருடம் என்றால் வட்டி 30,000. மாதாமாதம் முதலும் குறைந்துகொண்டு வருவதால், உண்மை வட்டி வருடத்துக்கு 26 வீதத்தைத் தாண்டிவிடும். இன்னும் ஒரு வருடம் காசு சேர்த்துவிட்டு வாங்குவதே மேல்.

யூஃபோனியம் என்ற தேர்வில் எனக்குக் குறையில்லை. எடை நாலைந்து கிலோதான். பிராஸ் பாண்ட் முறையில் இரண்டுக்கும் டிரபிள் கிளெஃப் என்ற ஒரே சுரக்குறி முறையில்தான் எழுதுவார்கள், விரல் போடுவதும் ஒன்றே, ஆகவே மறுபடி வகுப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை. டியூபா மவுத்பீஸ் (வாய் வைத்து ஊதும் பகுதி) மட்டும் இதற்குப் பொருந்தாது. புதியது விலையில் அடங்குமா என்று கேளுங்கள். நீங்கள் மாறிவிட்டால் பாண்டில் பேஸ் (கீழ்ச்சுரப் பகுதி) ஊத ஆளிருக்காது என்பதால், டியூபாவை முதலில் பாண்டுக்கே விலை பேசிப் பாருங்கள். தோள் பலமுள்ள இளைஞன் எவனாவது இருப்பான்.

கொழும்புக்குப் பேரம் பேசப் போகும்போது வாத்தியத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தொடர் இலக்கமும் வால்வுகளும் தெரியும் படங்கள் போதும். கையில் கொண்டுபோனால், திரும்பத் தூக்கிவரப் பயந்து சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவீர்கள்.