வெள்ளம் வடிந்த வீட்டில் எதைச் சோதிப்பது?

கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மூன்று வாரத்துக்கு முன் வந்த திடீர் வெள்ளத்தில் எங்கள் இரட்டை மாடித் தெரஸ் வீட்டின் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. கழுவித் துடைத்துவிட்டோம். ஆனாலும் சமையலறையில் ஒரு நாற்றம் போகவில்லை. ஹாலில் சுவரின் அடிப்பக்கம் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. அம்மாவுக்கு ஆஸ்துமா. அவரைக் கிள்ளானில் அக்கா வீட்டில் விட்டிருக்கிறோம். பூஞ்சணம், பாக்டீரியா, நச்சு மூன்றையும் சோதிக்க ஒரு நிறுவனம் இரண்டாயிரம் ரிங்கிட் கேட்கிறது. கொடுக்கலாமா? அம்மாவை எப்போது அழைத்து வருவது?"

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நாற்றம் இருக்கிறது என்றால் எங்கோ ஈரம் இருக்கிறது, அதில் ஏதோ வளர்கிறது. இதைச் சொல்ல ஆய்வகம் தேவையில்லை. கண்ணுக்குப் பூஞ்சணம் தெரியும் இடத்தில் பெரும்பாலும் மாதிரி எடுக்கவே வேண்டாம் என்பதுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. உலகச் சுகாதார நிறுவனமும் 2009இல் வீட்டு ஈரம், பூஞ்சணம் பற்றி வெளியிட்ட வழிகாட்டியில், இத்தனை வரை இருந்தால் ஆபத்தில்லை என்று ஓர் எண்ணைத் தரவில்லை. ஈரத்தைப் போக்குங்கள் என்றுதான் சொன்னது. ஆகவே முதலில் தேட வேண்டியது தண்ணீரை.

சமையலறையிலிருந்து தொடங்குங்கள். சிங்க்குக்குக் கீழே, கேபினெட்டின் கால்களை மறைத்து ஒரு நீளப் பலகை இருக்கும். பெரும்பாலும் அது கிளிப்பில்தான் நிற்கும், இழுத்தால் வந்துவிடும். தரையில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். கை நுழையாத இடத்தில் கைப்பேசியை விட்டுப் படம் எடுங்கள். செகாம்புட்டில் இப்படி ஒரு வீட்டைப் பார்த்தேன். ஹாலில் எடுத்த காற்றுச் சோதனை 'நன்று' என்று வந்திருந்தது. அடிப்பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரு விரல் தடிமனுக்குச் சேறு, இன்னும் ஈரமாக. கேபினெட்டின் சிப்போர்டு தேநீரில் நனைத்த பிஸ்கட் போல ஊதி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்கக் கரும்பச்சை. சோதனைக் கருவி ஐந்து நிமிடம் ஹால் காற்றை இழுத்தது, அவ்வளவுதான். மூடிய கேபினெட்டுக்கு அடியில் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

ஊதிப்போன சிப்போர்டைக் காப்பாற்ற முடியாது, கழற்றி எறியுங்கள். நனைந்த மெத்தையும் அப்படித்தான். படிக்கட்டுக்கு அடியில் ஜிப்சம் பலகைத் தடுப்பு இருந்தால், தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஓர் அடி மேல்வரை வெட்டி எடுத்துவிடுங்கள். இந்த வேலைகளின்போது என்95 முகக்கவசம், கையுறை இரண்டும் கட்டாயம். பூஞ்சணம் தெரியும் அறையில் மின்விசிறியைப் போடாதீர்கள். வித்துகளை வீடு முழுக்கப் பரப்பிவிடும்.

சரி, ஹாலில் பூத்திருக்கும் அந்த வெள்ளை. அது பூஞ்சணமாகவே இருக்காது என்று நினைக்கிறேன். செங்கல் சுவர் காயும்போது உள்ளிருக்கும் உப்பு வெளியே வந்து பஞ்சு மாதிரிப் படியும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உப்பு என்றால் கரைந்துபோகும், பூஞ்சணம் கரையாது. இதைப் பூஞ்சணம் என்று பயந்து பணம் செலவழித்தவர்கள் பலர். ஆனால் உப்பு வருகிறது என்றால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் இப்போதே பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். செங்கல் சுவர் உள்வரை காய மாதக்கணக்கில்கூட ஆகலாம்.

ஈரத்தை அளக்க ஹார்ட்வேர் கடையில் விற்கும் சிறிய ஈரமானி போதும். அது சுவரில் காட்டும் எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரே சுவரில் தரையிலிருந்து அரை அடியில் ஒன்று, வெள்ளம் தொடாத ஆறடி உயரத்தில் ஒன்று என்று அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். உப்புப் பூத்த இடத்தில் எண் பொய்யாக ஏறும், அந்த இடத்தைத் தவிருங்கள். மானி இல்லையென்றால், ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

கோலாலம்பூரில் ஜன்னலைத் திறந்துவைத்தால் மட்டும் வீடு காயாது. இரவிலும் அதிகாலையிலும் வெளிக்காற்றே ஈரமாக இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணியிலிருந்து மழைக்கு முன்வரை திறந்து வையுங்கள். அப்புறம் மூடிவிட்டு ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தையோ, ஏர்கோனை 'டிரை' முறையிலோ ஓட விடுங்கள். அந்த இரண்டாயிரம் ரிங்கிட்டை இதற்குச் செலவிடுங்கள்.

பாக்டீரியா விஷயத்தில் என் கருத்து இன்னும் கறார். லோங்காங் (சாக்கடை) தண்ணீர் வீட்டுக்குள் வந்தது என்றால் மலக்கிருமி வந்தது என்றே வைத்துக்கொள்ள வேண்டும், அதைச் சோதித்து அறிய ஒன்றுமில்லை. டைல், சிங்க், எஃகுப் பாத்திரங்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் குளோராக்ஸ் என்ற பிளீச் திரவம். சேற்றின்மேல் ஊற்றினால் அதன் வீரியம் சேற்றிலேயே போய்விடும். வினிகருடனோ அம்மோனியா உள்ள திரவத்துடனோ அதைக் கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். வீட்டைவிட நான் அதிகம் கவலைப்படுவது உங்கள் உடம்பைப் பற்றி. எலிச் சிறுநீர்க் காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ், வெள்ளத்தில் நின்ற சில நாட்களிலிருந்து ஒரு மாதத்துக்குள் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால் உடனே கிளினிக்குக்குப் போய், "நான் வெள்ளத்தண்ணீரில் நின்றேன்" என்று நீங்களே சொல்லுங்கள். 2010 முதல் இது மலேசியாவில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்.

நச்சுச் சோதனையைத்தான் முழுமனதோடு வேண்டாம் என்பேன். கறுப்பாக இருப்பதெல்லாம் 'விஷக் கறுப்புப் பூஞ்சணம்' இல்லை. அந்தப் பெயர் பெற்ற ஸ்டாக்கிபோட்ரிஸ், ஓயாமல் நனைந்துகிடக்கும் காகிதம், அட்டை, ஜிப்சம் பலகையில்தான் நன்றாக வளரும். நிறத்தை வைத்து நச்சு உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. தூசியில் நச்சை அளந்து ஓர் எண் கொடுத்தாலும், வீட்டுக்கு இது அதிகமா குறைவா என்று ஒப்பிட அளவுகோல் கிடையாது. பாக்டீரியா செத்த பிறகும் தங்கும் அதன் நச்சான எண்டோடாக்சினை அளப்பதிலும் இதே சிக்கல்தான். முடிவு எதுவாக வந்தாலும் நீங்கள் செய்யப்போவது ஒன்றே: நனைந்ததை அகற்றுவது, மீதியைக் காயவைப்பது.

காற்றுச் சோதனைக்கும் ஒரு நேரம் உண்டு. எல்லாவற்றையும் கழற்றிக் காயவைத்த பிறகும் இடம் தெரியாமல் நாற்றம் அடித்தால் செய்யலாம். காப்புறுதி நிறுவனத்துடனோ வீட்டு உரிமையாளருடனோ வழக்கு என்று வந்தாலும் செய்யலாம். அப்போது அதே நேரத்தில் வீட்டுக்கு வெளியேயும் ஒரு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். நம் ஊர் வெளிக்காற்றிலேயே பூஞ்சண வித்து ஏராளம், அந்த ஒப்பீடு இல்லாத அறிக்கை வெறும் காகிதம். ஆய்வகத்துக்கு சாம் (SAMM) எனும் மலேசிய ஆய்வக அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். சோதிப்பவரே சுத்தம் செய்யும் ஒப்பந்தமும் பேசினால் வேறு ஆளைப் பாருங்கள். கிருமி வளர்க்கும் தட்டை மூடி திறந்து மேசையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் போகும் முறையை ஏற்காதீர்கள். அதில் எந்த வீட்டிலும் ஏதாவது முளைக்கும். அறிக்கையில் ஒரு கன மீட்டர் காற்றுக்குப் பூஞ்சணம் 1000, பாக்டீரியா 500 என்று வரம்பு போட்டிருப்பார்கள். அது மலேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010இல் வேலையிடங்களுக்காக வெளியிட்ட நடைமுறை விதியில் உள்ளது. ஆஸ்துமா உள்ள ஒருவர் தூங்கும் அறைக்கு என்று வகுத்ததில்லை.

அம்மா சுத்தம் செய்யும் நாட்களில் வரவே கூடாது. செத்த வித்துகூட இழுப்பைக் கிளப்பும். அடிச்சுவரின் எண்ணும் ஆறடி உயரத்து எண்ணும் இரண்டு வாரம் தொடர்ந்து ஏறக்குறைய ஒன்றாக வரட்டும். பிறகு ஓர் இரவு வீட்டை முழுக்க மூடிவைத்து, காலையில் அக்காவைக் கிள்ளானிலிருந்து வரச் சொல்லிக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் மூக்கு அந்த வாசனைக்குப் பழகியிருக்கும், அக்கா மூக்கு பழகியிருக்காது. அவர் ஒன்றும் இல்லை என்றால், முதல் சில வாரம் அம்மாவுக்கு மாடி அறையில் படுக்கை போட்டு, இன்ஹேலரைக் கையெட்டும் இடத்தில் வைத்து அழைத்து வாருங்கள்.